மூன்றரை மணி நேரத் தூரம்

சின்னவள் உள்ளே வந்ததும் வராததுமாகக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பட்டப்பகலில் தாழ்ப்பாள் போடுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. மடி நிறையப் பள்ளிக்கூடச் சட்டைகளைக் குவித்துக்கொண்டு பட்டன் கட்டிக்கொண்டிருந்த அம்மா, குத்திய ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“அப்பா இருக்காரா?”

“டூட்டிக்குப் போயிருக்கார். ஏண்டி, யாராவது துரத்திக்கிட்டு வர்றாங்களா?”

சின்னவள் கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினாள். “அக்கா டிக்கெட் போட்டுட்டா. வர்ற வியாழக்கிழமை வர்றா. ஒரு மாசம் லீவு.”

அம்மா பெரியவளைப் பார்த்து மூன்று வருஷம். போனில் பார்த்த முகம், போனில் கேட்ட சிரிப்பு. வியாழக்கிழமை அந்த முகத்தைக் கையால் தொடலாம். தாளைக் கண்ணருகில் கொண்டுபோனவள், பெரிய எழுத்தில் இருந்த இரண்டு நேரங்களையும் படித்தாள். அங்கே புறப்படுவது புதன்கிழமை ராத்திரி எட்டுப் பத்து. இங்கே வந்து இறங்குவது வியாழக்கிழமை ராத்திரி ஏழு நாற்பது. வந்த சந்தோஷம் அப்படியே நெஞ்சில் நின்றுவிட்டது.

“அய்யோ. இதை அவர் பார்த்தா?”

“அதுக்குத்தானே தாழ்ப்பாள் போட்டேன்,” என்றாள் சின்னவள்.

அவர் என்றால் டைம்கீப்பர். அது அவருடைய வேலை. நாளாவட்டத்தில் பெயரும் அதுவாகவே ஆகிவிட்டது. பேருந்து நிலையத்தின் வாசலில், கம்பி போட்ட சின்னக் கூண்டுக்குள், சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே ஒரு மர ஸ்டூலில் முப்பத்தோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். வண்டி வந்தால் வந்த நேரம், போனால் போன நேரம். கண்டக்டர் நீட்டுகிற தாளில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் விசில் ஊதினால்தான் வண்டி நகரும். அங்கே பிடித்த பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. பல் தேய்க்க நாலு நிமிஷம், குளிக்க ஒன்பது நிமிஷம். பெரியவள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, மனைவியை உள்ளே கொண்டுபோனதிலிருந்து குழந்தையின் அழுகை கேட்டது வரைக்கும் ஆறு மணி நேரம் ஐம்பத்திரண்டு நிமிஷம் என்று எழுதிவைத்திருக்கிறார். “வலிச்சது எனக்கு, நிமிஷம் எண்ணினது இவரு,” என்று அவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அவளுக்கும் தெருவில் வேலையை வைத்துத்தான் பெயர். சட்டையில் பட்டன் நுழைகிற துளைக்கு ஓரம் தைப்பதைக் காஜா எடுப்பது என்பார்கள். சீருடை தைக்கிற கடையிலிருந்து மூட்டை மூட்டையாகச் சட்டை வாங்கிவந்து, காஜா எடுத்து, பட்டன் கட்டிக் கொடுப்பதால் அவள் எல்லோருக்கும் காஜாக்கா.

டைம்கீப்பருக்கு ஒரு சட்டம் உண்டு. அவருடைய நிலையத்திலிருந்து புறப்படுகிற வண்டிகளிலேயே தூரமாகப் போவது நாலு மணி நேர வண்டி. நூற்று எண்பது கிலோமீட்டர். அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் வேறு டிப்போவின் சங்கதி. தன்னுடைய சொந்தம் யாரும் அந்த நாலு மணி நேரத்துக்கு அப்பால் போய் வசிக்கக் கூடாது என்பார். கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். காஜாக்காவுக்குத் தெரியும், அது வேடிக்கை இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரை ஐந்து மணி நேரத் தொலைவில் ஓர் ஊரில் போட்டிருந்தார்கள். தாயாருக்கு முடியவில்லை என்று தகவல் வந்த உடனே கிளம்பியவர், ஒரு மணி நேரம் பிந்திப்போய்ச் சேர்ந்தார். “கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தா” என்று யாரோ சொன்னதை அவர் மறக்கவில்லை. நாலு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடமாக இருந்திருந்தால் பார்த்திருக்கலாம். அன்றைக்குப் போட்டுக்கொண்ட கோடு அது.

அந்தக் கோட்டைத் தாண்டித்தான் பெரியவளுக்கு நர்ஸ் வேலை வந்தது. வீட்டில் பத்து நாள் பேச்சே இல்லை. கேட்டால் விடுவார் என்று யாருக்கும் நம்பிக்கை இல்லை. பதினோராவது நாள், ஆஸ்பத்திரிக்காரர்கள் அனுப்பிய டிக்கெட்டைச் சின்னவள் மேசைமேல் வைத்தாள், நடப்பது நடக்கட்டும் என்று. டைம்கீப்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பொடி எழுத்துகளை அவர் பார்ப்பதில்லை. புறப்படும் நேரம், சேரும் நேரம், இரண்டையும்தான் பார்த்தார். காலை பத்தேகால். மதியம் ஒன்றே முக்கால். சேர்ந்த நேரத்திலிருந்து புறப்பட்ட நேரத்தைக் கழித்தால் பயண நேரம். இருபத்தெட்டு வருஷமாக ஒரு நாளைக்கு இருநூறு தடவை போட்ட கழித்தல். சிவப்புப் பேனாவை எடுத்து டிக்கெட்டின் ஓரத்தில் எழுதினார்: 3.30.

“மூன்றரை மணி நேரம்தானா?” என்றார். முகம் மலர்ந்துவிட்டது. “இதைச் சொல்றதுக்கா பத்து நாளா வீட்டுல மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தீங்க? நம்ம கடைசி ஊர் வண்டியை விட அரை மணி முன்னாடியே போயிடுதேடி! லிமிட்டுக்குள்ளதான் இருக்கு. போயிட்டு வா.”

அந்த ஊர் நேரம் வேறு, இந்த ஊர் நேரம் வேறு. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். அங்கே கடிகாரம் பத்து மணி நேரம் பின்னால் ஓடுகிறது. வானத்தில் இருக்கப்போவது பதின்மூன்றரை மணி நேரம். தூரம் பதினோராயிரத்து நானூறு கிலோமீட்டர். எல்லாம் அந்தத் தாளிலேயே, பொடி எழுத்தில் இருந்தது. மூன்று பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னவள் வாயைத் திறந்தாள். காஜாக்கா மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள். அவ்வளவுதான் நடந்தது. பொய் என்று யாரும் எதையும் சொல்லவில்லை.

பொய் சொல்லவேண்டி வந்தது பிறகு. பெரியவள் கிளம்பிய நாளில், விமானம் ஏறிவிட்டாள் என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து டைம்கீப்பர் கூடத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். வண்டி வழியில் இருக்கும்போது டைம்கீப்பர் சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒன்றே முக்காலுக்கு எழுந்து, “போன் வந்துச்சா?” என்று கேட்டார். அப்போது பெரியவள் எந்தக் கடலுக்கு மேலே இருந்தாளோ. சின்னவள் போனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்து, “வந்துச்சுப்பா. இறங்கிட்டாளாம்,” என்றாள். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து வயிறாரச் சாப்பிட்டார்.

அன்றிலிருந்து பெரியவள் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அழைப்பாள். இங்கே வெளிச்சம், அங்கேயும் காலை எட்டு மணி வெளிச்சம். ராத்திரி டூட்டி முடித்துவந்து ரொட்டியைக் கடித்துக்கொண்டிருப்பவளிடம் இவர், “என்ன பாப்பா, சாயங்காலத்துலயே சாப்பாடா?” என்பார். “பசிச்சிடுச்சுப்பா,” என்பாள் அவள். இங்கே பகலாக இருக்கும்போது சில தேசங்களில் ராத்திரி என்பதும் அவருக்குத் தெரியாதது அல்ல. “அதெல்லாம் ரொம்பத் தூரம் போறவங்களுக்கு. நம்ம பாப்பா இங்கதானே இருக்கா, மூன்றரை மணி நேரத்துல,” என்று அவரே மற்றவர்களுக்கு விளக்கம் சொல்வார். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். ஏனென்றால் மெடிக்கல் கடைக்காரருக்குத் தெரியும். எதிர்வீட்டு டீச்சருக்குத் தெரியும். எப்போதும் ஹாரனை அமுக்கிக்கொண்டே வண்டி ஓட்டுவதால் ஹாரன் என்று பெயர் வாங்கிய டிரைவருக்கும் தெரியும். காஜாக்கா ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய், அவரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஹாரன்தான் கொஞ்சம் ஆபத்தான ஆள். ஒரு தடவை வீட்டுக்கு வந்து டீ குடிக்கும்போது, “இருந்தாலும் பாப்பா அவ்வளவு தூரத்துல...” என்று ஆரம்பித்துவிட்டு, காஜாக்காவின் கண்ணைப் பார்த்து, “...இல்ல, டீ சூடா இருக்குன்னு சொல்ல வந்தேன்,” என்று முடித்தார்.

மூன்று வருஷமாக டைம்கீப்பர் நிம்மதியாகத் தூங்கினார். அந்தத் தூக்கத்தைக் கெடுக்கக் காஜாக்காவுக்கு மனம் வரவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்த நாட்கள் உண்டு. ஒவ்வொரு நாள் தள்ளிப்போகும்போதும் சொல்வதற்கு இன்னும் ஒரு நாள் பொய் கூடிக்கொண்டே போனது. இப்போது பயம் வேறு. அவருக்குத் தெரிந்தால், வந்த பெண்ணைத் திரும்ப அனுப்புவாரா? அவள் அங்கே வேலையில் மேலே வந்திருக்கிறாள். ஒரு மாசத்தில் திரும்பாவிட்டால் அந்த இடம் போய்விடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதை அவள் சின்னவளிடம்கூடச் சொல்லவில்லை. நிமிஷத்தில் பொய் சொல்லாத மனுஷன். அவரிடம் போய்ப் பத்து மணி நேரத்தை மறைத்துவிட்டாளே.

“நடுவுல ஒரு ஊர்ல ஒரு நாள் தங்கி வர்றான்னு சொல்லிடலாமா?” என்றாள் சின்னவள்.

“இன்னும் ஒரு பொய்யா? போதும்டி. வியாழக்கிழமைக்குள்ள நானே சொல்லிடறேன். பதமா சொல்லணும். அதுவரைக்கும் இது அவர் கண்ணுல படக் கூடாது.”

தாளை இன்னும் சிறிதாக மடித்து, பட்டன் டப்பாவின் அடியில், வெள்ளைப் பட்டன்களுக்குக் கீழே புதைத்தாள். அந்த வீட்டில் அந்தப் பழைய பிஸ்கட் டப்பாவைத் தொடுகிற ஒரே ஆள் அவள்தான்.

அவள் ஒன்றை மறந்துவிட்டாள். டைம்கீப்பரின் காக்கிச் சட்டையில் இரண்டாவது பட்டன் ஒரு வாரமாக நூலில் ஊசலாடிக்கொண்டிருந்தது. “கட்டிக் கொடேன்” என்று இரண்டு தடவை கேட்டார். “ஊருக்கெல்லாம் பட்டன் கட்டறேன், உங்களுக்குக் கட்ட மாட்டேனா, நாளைக்கு,” என்றாள். செவ்வாய்க்கிழமை அவள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்த நேரத்தில், அந்தப் பட்டன் அறுந்து எங்கோ விழுந்துவிட்டது.

திரும்பி வந்தபோது அவர் மேசைமுன் உட்கார்ந்திருந்தார், சட்டை போடாமல். பட்டன் டப்பா திறந்து கிடந்தது. பக்கத்தில் இரண்டு தாள்கள். ஒன்று புதியது. இன்னொன்று, தன்னுடைய டூட்டி நோட்டின் பிளாஸ்டிக் உறைக்குள் மூன்று வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்த பழையது. ஓரத்தில் சிவப்பில் 3.30. நடுவில் ஒரு வெள்ளைத் தாள். அதில் அவர் ஒரு கூட்டல் கணக்குப் போட்டிருந்தார்.

அந்தக் கணக்கு அவளுக்குத் தெரியும். அவர் நாற்பது தடவையாவது சொல்லிப் பெருமைப்பட்ட கதை. ஒரு காலத்தில் கடைசி ஊர் வண்டி எப்போதும் போகும்போது தாமதம், வரும்போது சீக்கிரம் என்று புகார். டிரைவர்மேல் சந்தேகப்பட்டு விசாரணைவரை போய்விட்டது. இவர்தான் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, டிரைவர்மேல் தப்பில்லை, அந்த நிலையத்துக் கடிகாரம் எட்டு நிமிஷம் வேகமாக ஓடுகிறது என்று இங்கே உட்கார்ந்த இடத்திலேயே சொன்னார். போய்ப் பார்த்தால் எட்டு நிமிஷம் வேகம். போகும்போது கூடுகிற தப்பு, வரும்போது குறையும். இரண்டையும் கூட்டினால் தப்பு தானாக அடிபட்டுப்போகும்.

வெள்ளைத் தாளில் இருந்தது: 3.30. அதற்குக் கீழே 23.30. கூட்டினால் 27. பாதி, 13.30. அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

“இந்தா, இங்க வா,” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. “ஒரே ரூட்டு. போற நடை மூன்றரை மணி. வர்ற நடை இருபத்துமூன்றரை. என்ன இது?”

அவள் திறந்து கிடந்த டப்பாவை மூடினாள்.

“அந்த ஊர் கடிகாரம் பத்து மணி நேரம் பின்னாடி ஓடுது. எட்டு நிமிஷத்தைக் கண்டுபிடிச்சவன், பத்து மணி நேரத்தை விட்டுட்டேன் பாரு.”

“என்னங்க...”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்ப இருந்து?”

“அன்னிக்கே.”

அவர் பென்சிலைத் தாளுக்கு நேராக வைத்தார். பிறகு கொஞ்சம் நகர்த்தி மறுபடி நேராக வைத்தார். “வேற யாருக்குத் தெரியும்?”

“பசங்களுக்கு. மெடிக்கல் அண்ணனுக்கு. டீச்சருக்கு.” கொஞ்சம் தயங்கி, “ஹாரனுக்கும்,” என்றாள்.

“ஹாரனுக்குமா! அந்த ஆள் வாயில மூணு வருஷம் ஒரு விஷயம் தங்குச்சா?” என்று நிஜமாகவே வியந்தார். அந்த வியப்பு ஒரு விநாடிதான். பிறகு முகம் பழையபடி மூடிக்கொண்டது. பட்டன் இல்லாத சட்டையையே போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரியவளின் போன் வந்தபோது அவர் கூடத்தில் இல்லை. கொல்லையில் நின்று தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்பா எங்கம்மா?” என்றாள். “நீ வர்றதுக்குள்ள முடிக்கணும்னு ஏதோ வேலையில இருக்கார்,” என்று என்னவோ உளறினாள் காஜாக்கா. புதன்கிழமையும் தேவையானதை மட்டும் பேசினார். சாப்பாடு, துண்டு, சாவி. சின்னவள் அக்காவுக்காக அறையைக் கூட்டிப் போர்வை மாற்றும்போது வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். சொல்லப்போனால் கத்தியிருக்கலாம். கத்துகிற மனுஷனைச் சமாதானப்படுத்த வழி உண்டு. இப்படி வாயைக் கட்டிக்கொண்டு நடமாடுகிறவரை என்ன செய்வது? ஹாரன் மட்டும் தெருமுனையில் அவளைப் பார்த்து, “அக்கா, இன்னிக்கு என் தாள்ல நேரத்தை எழுதிட்டு என் மூஞ்சியவே பார்த்தாரு. ‘நம்ம கடைசி ஊர் வண்டி அறுபத்துமூணு நடை அடிச்சாத்தான் பாப்பா ஊரு, தெரியுமா’னு கேட்டாரு. நான் பதில் சொல்றதுக்குள்ள விசில் ஊதிட்டாரு. எனக்கு ஸ்டியரிங்கே கைக்கு வரல,” என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்து கால் கழுவியவர், சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“அன்னிக்கு எப்ப இறங்கினா?”

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. “ராத்திரி பன்னெண்டுக்குக் கால் மணி இருக்கும்போது.”

“அதுவரைக்கும் நீ?”

“உக்காந்திருந்தேன்.”

“எங்க?”

“இங்கதான். தூக்கம் வந்துடக் கூடாதுன்னு காஜா எடுத்துக்கிட்டு. எம்பது சட்டை முடிச்சேன் அன்னிக்கு.”

“சாப்பிட்டியா?”

“இறங்கினதும் சாப்பிட்டேன்.”

அவர் நிலைப்படியின் மரத்தை நகத்தால் சுரண்டினார். “நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்?”

“நீங்க தூங்கிட்டீங்க.”

“குறட்டை விட்டேனா?”

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “விட்டீங்க,” என்றாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கூண்டுக்குள் இருக்கும்போது, தாமதமாக வந்த வண்டியின் கண்டக்டர் சொல்கிற காரணத்தைக் கேட்டு ஆட்டுவாரே, ஏற்றுக்கொண்டதா இல்லையா என்று கடைசிவரை தெரியாத ஆட்டம், அந்த ஆட்டம். அப்படியே போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை காஜாக்கா எழுந்து வந்தபோது கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டைம்கீப்பர் குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட காக்கி உடுப்பில், கடிகாரத்துக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஊக்கு. மடியில் டூட்டி நோட்டு.

“லீவு போட்டுட்டேன்,” என்றார். “எட்டுப் பத்துன்னா நமக்கு ஆறு பத்து. சரிதானே?”

“சரிதான்.”

ஆறு பத்துக்குச் சின்னவள் அறையிலிருந்து ஓடிவந்தாள். “கிளம்பிடுச்சுப்பா!” அவர் நோட்டில் எழுதினார்: புறப்பாடு 6.10. சட்டைப் பையில் இருந்த விசிலைக் கை தானாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தது. சின்னவள் தன்னுடைய போனை அவர் கையில் கொடுத்தாள். அதில் வரைபடத்தின் நீலக் கடலின்மேல் ஒரு சின்ன விமானம் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு எண். “இதைப் பார்த்துக்கிட்டே இருங்க, நகரும்.” அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். “எங்க நகருது? ஹாரன் ஓட்டினாக்கூட இதைவிட வேகமாப் போவாரு,” என்றார். ஆனால் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மணிக்கு ஒரு தடவை அந்த எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டார். டீயை இருந்த இடத்திலேயே வாங்கிக் குடித்தார். மூன்று வருஷத்துக்கு முன் தண்ணீர்கூடத் தொடாதவர் டீ குடித்தது அவளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. வழி நீளம் என்று தெரிந்துகொண்ட ஆள் குடிக்கிற டீ அது.

ஒன்பது நாற்பது ஆயிற்று. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். காஜாக்கா சமையலறையிலிருந்து அவரைப் பார்த்தாள். மூன்றரை மணி நேரம் முடிந்திருந்தது. போனில் விமானம் கடலுக்கு நடுவில் இருந்தது. பக்கத்தில் எட்டாயிரத்து ஐந்நூறு என்று எண்.

“அன்னிக்கு இந்நேரம் நான் எந்திரிச்சுட்டேன்,” என்றார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

“எந்திரிச்சு, கை கழுவி, சாப்பிட்டேன். பாப்பா இங்க இருக்கா பாரு, இந்தக் கடல்ல. நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்.” போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். “இதுக்கு மேல எனக்குத் தெரியாத ரூட்டு.”

“உங்களுக்குச் சொல்லியிருக்கணும். தப்புதான்.”

“சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டேன்.”

“தெரியும். அதான் சொல்லல.”

“அது எனக்கும் தெரியுது.” போனைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டார். “சொல்லாதது கூடப் பரவாயில்ல. தனியா உக்காந்திருந்தியே. எழுப்பியிருக்கலாம்ல? ஒரு காரணம் சொல்லி எழுப்பியிருக்கலாம். பல்லி விழுந்துச்சு, பானை கவுந்துச்சுன்னு.”

“நீங்க அசந்து தூங்கிக்கிட்டு இருந்தீங்க.”

“போய்ப் படு,” என்றார்.

“என்னது?”

“படுன்னேன். உன் பங்கை நீ அன்னிக்கே பார்த்துட்ட. மீதி பத்து மணி நேரம் என்னோடது. ஏதாவதுன்னா எழுப்பறேன்.”

“காலங்காத்தால யாராவது தூங்குவாங்களா? சமையல் யாரு பண்றது? அவ வர்றா, வீடு கிடக்கிற கிடப்புக்கு...”

“சின்னது பார்த்துக்கும். வண்டி வழியில இருக்கும்போது டைம்கீப்பர்கூட வாய் கொடுக்கக் கூடாது. போ.”

சின்னவள் சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்து, போ என்று கண்ணைக் காட்டினாள். காஜாக்கா உள்ளே போகாமல், கூடத்திலேயே அவருடைய ஸ்டூலுக்குப் பின்னால் பாயை விரித்துப் படுத்தாள். தூங்குவதாக எண்ணமே இல்லை. சும்மா அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஐந்து நிமிஷம் படுத்துவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் இருந்தாள். அவருடைய முதுகு கண்ணெதிரே நேராக இருந்தது. காக்கித் துணியில் இஸ்திரி மடிப்பு மேலிருந்து கீழே கோடு போட்டிருந்தது. பெரியவள் எங்கேயோ மேகத்துக்கு மேலே சீட்டைச் சாய்த்துக்கொண்டு கிடப்பாள். சின்ன வயதில் போலவே வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள். அவளை ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னும் ஒரு ஆள் விழித்திருக்க வேண்டியதில்லை. மூன்று வருஷமாகத் தாங்கிக்கொண்டிருந்த எதுவோ தோளிலிருந்து இறங்கியது போல இருந்தது. அந்த நினைப்பு முடிவதற்குள் கண் மூடிக்கொண்டது.

விழித்தபோது வெயில் ஜன்னலின் மறுபக்கம் போயிருந்தது. கடிகாரத்தில் மூன்றேகால். அவள் பதறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். மேலே யாரோ போர்வை போர்த்தியிருந்தார்கள்.

அவர் இன்னும் ஸ்டூலில்தான் இருந்தார். போன் பக்கத்தில் நாற்காலிமேல் கிடந்தது. விமானம் கடலைத் தாண்டி நிலத்துக்கு மேலே வந்திருந்தது. டைம்கீப்பர் அதைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, அவளுடைய மூட்டையிலிருந்து எடுத்த ஒரு பள்ளிக்கூடச் சட்டையை முழங்காலின்மேல் விரித்து, பட்டன் கட்டிக்கொண்டிருந்தார். தூக்கம் வந்துவிடக் கூடாது என்றுதான் இருக்கும். ஊசியில் இரண்டு முழத்துக்கு நூல் கோத்திருந்தார். ஒவ்வொரு தையலுக்கும் கை தலைக்கு மேலே போய்த் திரும்பியது. காலடியில் முடித்த சட்டைகள் நாலு கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தாள். காஜா இருக்கும் பக்கத்திலேயே, காஜாவின்மேலேயே, எல்லாப் பட்டனையும் கட்டியிருந்தார். ஆனை இழுத்தாலும் அறுந்து வராத கட்டு. அத்தனையையும் அவள் பிரிக்க வேண்டும்.

“ஒரு பட்டனுக்கு ஆறு நிமிஷம் ஆகுது எனக்கு,” என்றார், நிமிராமல். “உனக்கு?”

“ஒண்ணு.”

“ம்.” ஊசியை இழுத்தார். கை மேலே போய்த் திரும்பியது. “திரும்பிப் போற வண்டி எத்தனை மணிக்கு?”

அவள் கையில் இருந்த சட்டையை மடித்து வைத்தாள். அவர் சட்டையைத் திருப்பிப் பார்த்து, கட்டு இறுகியிருக்கிறதா என்று விரலால் இழுத்துப் பார்த்தார்.

“பத்தேகால்தானா, இல்ல மாத்திட்டானா? மாத்தியிருந்தா நான் முன்னாடியே லீவு சொல்லணும். முழு நாள் ஆகும்ல.”

“அதேதான். பத்தேகால்,” என்றாள்.

பாயோடு நகர்ந்து அவர் காலருகில் வந்து உட்கார்ந்தாள். டப்பாவில் துழாவி ஒரு காக்கிப் பட்டனைத் தேடி எடுத்து, ஊசியில் நூலைக் கோத்து, அவருடைய மார்பில் இருந்த ஊக்கைக் கழற்றினாள். “ஆடாம இருங்க,” என்றாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்தார். நாற்காலியின்மேல், ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் அகலமிருந்த ஒரு பச்சை நிலத்தின் விளிம்பில், அந்தச் சின்ன விமானம் நகருகிற மாதிரியே தெரியாமல் நகர்ந்துகொண்டிருந்தது.